உடன் நடப்பவர் யார்?

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து பயிலும் நமக்குத் தமிழ் மன்றம் ஒரு தாய்வீடு. வாரம் முழுதும் பிறமொழியில் கேட்டு, பிறமொழியில் எழுதிக் களைத்த நாம், சனிக்கிழமை மாலையில் மன்றத்துக்குள் நுழைந்ததும், "வாங்க, சாப்பிட்டாச்சா?" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்காகவே வருகிறோம். மேடை ஏறினால், "தமிழர் நாம், நமக்குள் வேற்றுமை இல்லை" என்று முழங்குகிறோம். கீழே இருப்போர் கைதட்டுகின்றனர். அந்தக் கைதட்டலைச் சற்றே நிறுத்திவிட்டு, நாம் சொல்வது உண்மைதானா என்று தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு ஒரு பெருமை உண்டு. வடநாட்டு மாணவர் பலர் தம் பெயரைச் சொல்லும்போதே அவர்களுடைய குலமும் உடன் வந்து நிற்கிறது. நாமோ தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே வைத்துக்கொள்கிறோம். விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு விழிக்கிறோம். அறைத்தோழன் "முழுப் பெயர் என்ன?" என்று கேட்டால், "இதுதான் முழுப் பெயர்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பது கூடாது என்று தீர்மானித்தது. தலைவர்கள் பலர் தம் பட்டங்களை உதறினர். ஒரு தலைமுறைக்குள் அது நாட்டு வழக்கமே ஆயிற்று. இது சிறிய செயல் அன்று. வேறு எந்த மாநிலத்து மாணவரிடமும் நாம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க செயல்.

ஆனால், பட்டம் பெயரை விட்டுப் போனதே தவிர, நம் பேச்சை விட்டுப் போயிற்றா?

புதிதாக ஒரு மாணவர் மன்றத்துக்கு வருகிறார். "தம்பி, எந்த ஊர்?" என்கிறோம். அன்பான கேள்வி. "அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்கிறோம். "அப்பா என்ன செய்கிறார்?" "நிலம் நீச்சு உண்டா?" "உங்கள் குலதெய்வம் எது?" "வீட்டில் கறி சாப்பிடுவீர்களா? என்ன கறி?" ஐந்தாறு கேள்விகளுக்குள், வடநாட்டான் ஒரே சொல்லில் அறிந்துகொள்வதை நாம் சுற்றி வளைத்து அறிந்துகொள்கிறோம். கேட்பவருக்கு அது பொழுதுபோக்கு. நடுத்தெருவில் பிறந்தவருக்கு அது வெறும் விசாரிப்பு. ஊருக்கு வெளியே சேரியில், காலனியில் பிறந்து வந்தவருக்கோ ஒவ்வொரு கேள்வியும் ஒரு சோதனைச் சாவடி. பொய் சொல்லலாமா, பேச்சை மாற்றலாமா, எழுந்து போய்விடலாமா என்று அவர் உள்ளத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிவதில்லை. அவர் இரண்டு வாரம் வருகிறார். மூன்றாம் வாரம் வருவதில்லை. "படிப்பு மிகுதி போலும்" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இதை நான் பிறர்மேல் குற்றமாகச் சுமத்தவில்லை. நானே இக்குற்றத்துக்கு உடந்தையாய் இருந்தவன். அதனைச் சொல்லிவிட்டு மேலே செல்வதே முறை.

இப்பல்கலைக் கழகத்துக்கு வருமுன் வேறொரு நகரில் இளங்கலை பயின்றேன். அங்கும் ஒரு தமிழ் மாணவர் கூட்டம் இருந்தது. அவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்குச் செயற்குழு கூடிற்று. என் வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர் நன்றாகச் சமைப்பார். விடுதி உணவு வாய்க்கு ஒவ்வாத நாட்களில் அவர் அறையில் பலரும் உண்டிருக்கிறோம். "பொங்கல் வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்" என்றார் அவர். அறையில் ஒரு சிறு அமைதி. மூத்த மாணவர் ஒருவர் இனிய குரலில், "நகரத்திலிருந்து குடும்பங்கள் எல்லாம் வருவார்கள். பெரியவர்கள் சிலர் தயங்கக்கூடும். தம்பிக்கு வேறு பொறுப்புக் கொடுப்போம், பந்தல், நாற்காலி எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். அவ்வளவுதான். யாரும் சாதிப் பெயர் சொல்லவில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை. அது என்ன பேச்சு என்பது அறையில் இருந்த பன்னிருவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் கையிலிருந்த கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு என் நெஞ்சு உறுத்திற்று. நண்பர் அறைக்குச் சென்றேன். "எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது" என்றேன். அவர் சினக்கவில்லை. துணிகளை மடித்துக்கொண்டே, "அந்த அறையில் பேச வேண்டியதை இந்த அறையில் வந்து பேசுகிறாயே. உன் வருத்தத்தை நான் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றார்.

விழா நன்றாகவே நடந்தது. நாற்காலிகள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. அதன் பிறகு அவர் அக்கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் விடை தெரிந்திருந்ததால் கேட்கவில்லை என்றே இன்று நினைக்கிறேன்.

"ஏதோ ஓரிடத்தில் நடந்த சிறு செய்தி, இதற்கு ஒரு கட்டுரையா?" என்பர் சிலர். சிறு செய்திதானா? 2011-12-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் நிகழ்த்தப்பட்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், நூற்றுக்கு 27 குடும்பங்கள் ஏதேனும் ஒரு வகையில் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாகத் தாமே ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டவர் தொகையே இவ்வளவு. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-இல் அதனைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது அடுப்பங்கரையில் ஒழியவில்லை.

கற்றோர் நிறைந்த இடங்களிலாவது ஒழிந்ததா? டெல்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2007-இல் அது தந்த அறிக்கை, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் விடுதியில் தொல்லை தாங்காமல் இடம் பெயர்ந்து சில தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததை எடுத்துரைத்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்களை உருவாக்கும் இடத்தில், மாடிக்கட்டடத்துக்குள்ளேயே ஒரு சேரி. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தில் ரோஹித் வேமுலா உள்ளிட்ட ஐந்து ஆராய்ச்சி மாணவர்கள் விடுதியிலிருந்து விலக்கப்பட்டனர். 2016 சனவரியில் வளாகத்திலேயே கூடாரம் அமைத்துக் குளிரில் படுத்தனர். அந்தக் கூடாரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'வெளிவாடா'. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பு என்பது அதன் பொருள். தெலுங்குச் சொல்லாயினும் தமிழனுக்கு அதற்கு அகராதி வேண்டியதில்லை. சனவரி 17-ஆம் நாள் ரோஹித் உயிர் நீத்தார். நாடு முழுவதும் மாணவர் கூடி அழுதனர், முழங்கினர். ஆனால் அந்தக் கூடாரத்தில் அவர் இருந்த நாட்களில் அருகே சென்று அமர்ந்தவர் எத்தனை பேர் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நம் தாயகத்தை மட்டும் விலக்கிப் பேசவும் வழியில்லை. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், தலித் மாணவர் ஒருவரை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொள்ளும் கொடுமை அப்போது மீண்டும் பேசப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு அமர்த்தியது. 2024 சூனில் அவர் அறிக்கை தந்தார். அந்தப் பள்ளிகளிலிருந்தும் அவை போன்ற பள்ளிகளிலிருந்தும் நாமும் வந்திருக்கிறோம். கயிற்றை அவிழ்த்துவிட்டு இரயில் ஏறியிருக்கிறோம். கயிறு இருந்த மணிக்கட்டில் தடம் இருக்கிறதா இல்லையா என்பதை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, என் நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இக்கேள்வி புதிதன்று. 1917-ஆம் ஆண்டில் அம்பேத்கர், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, தம் படிப்புக்குப் பொருள் தந்த பரோடா அரசில் பணி ஏற்கச் சென்றார். அந்நகரில் அவருக்குத் தங்க ஓரிடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடி ஏந்திய பார்சிகள் கூட்டமாக வந்து அவரை மிரட்டினர். மாலைக்குள் வெளியேறச் சொல்லிவிட்டுப் போயினர். அப்போது அந்நகரில் அவருக்கு இரு நண்பர்கள் இருந்தனர். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். முதல்வரிடம் சென்றார். "நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்" என்ற கருத்தில் அவர் விடை சொன்னார். இரண்டாமவர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அம்பேத்கர் குறிப்பறிந்து திரும்பினார். பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு இரவு வண்டியில் பம்பாய்க்குப் புறப்பட்டார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தோழர்களே, தடி ஏந்தி வந்தவரை விட்டுவிடுங்கள். அவர்களை யாரும் புகழப் போவதில்லை. அந்த இரு நண்பர்களை எண்ணிப் பாருங்கள். இருவரும் தீயவர் அல்லர். படித்தவர்கள். அம்பேத்கருடன் பேசிப் பழகியவர்கள். அவருக்கு நேர்ந்ததற்கு வருந்தியிருக்கவும் கூடும். ஆனால் அன்று அவருக்குத் தேவைப்பட்டது வருத்தம் அன்று. ஒரு திறந்த கதவு. கதவைத் திறந்தால் வேலைக்காரன் போவான், மனைவி முகம் சுளிப்பாள், அயலார் பேசுவர். அந்தச் சிறு இழப்பைத் தாங்க அவர்கள் நட்புக்கு வலுவில்லை. நம்மில் பெரும்பாலோர் தடி ஏந்துவோர் அல்லேம், கதவைத் திறவாதோர். அன்று கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் அந்த வரிசையில் நின்றவனே.

இதற்கு மாறாக வேறொரு காட்சியைக் காண்போம். 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள். திருவிதாங்கூர் அரசில் வைக்கம் என்னும் ஊர். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் பிறரும் நடக்கக் கூடாது. அன்று மூவர் அத்தெருவை நோக்கி நடந்தனர். குஞ்ஞப்பி என்பவர் புலையர். பாகுலேயன் என்பவர் ஈழவர். கோவிந்தப் பணிக்கர் என்பவர் நாயர். காவலர் மறித்து மூவர் சாதியையும் கேட்டனர். நாயர் போகலாம், மற்ற இருவரும் போகக் கூடாது என்றனர். பணிக்கருக்கு அத்தெரு பிறந்த நாள் முதல் திறந்த தெரு. அவர் தனியே நடந்து போயிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவரோ, இவ்விருவருடன்தான் நான் போவேன் என்றார். மூவரும் ஒன்றாகச் சிறை சென்றனர். பிறகு நாள்தோறும் மூவர் மூவராக நடந்தனர், கைதாயினர். தலைவர்கள் சிறைப்பட்டபின் ஈரோட்டிலிருந்து பெரியார் சென்றார். இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் சென்றார். மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினர் திருவனந்தபுரம் வரை நடந்தே சென்று, தெருவைத் திறந்துவிடக் கோரி அரசியிடம் விண்ணப்பம் அளித்தனர். 1925-இன் இறுதியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. 1936-இல் கோயிற் கதவே திறந்தது.

துணை நிற்றல் என்பதன் இலக்கணம் முழுவதும் பணிக்கரின் அச்செயலில் அடங்கியிருக்கிறது. அவர் இருவருக்காகவும் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவர்களுக்கு முன்னே ஓடவில்லை. வீட்டில் இருந்துகொண்டு வாழ்த்து அனுப்பவில்லை. தமக்கு மட்டும் கிடைத்த உரிமையைத் தனியே துய்க்க மறுத்தார்; அதற்கான தண்டனையையும் ஏற்றார். உடன் நடப்பவன், தனக்கு ஏதேனும் குறைந்தாலும் நடப்பான். குறைவு நேரும்போது நின்றுவிடுகிறவன் வேடிக்கை பார்க்க வந்தவன்.

துணை நிற்பதிலும் தவறுகள் உண்டு. மூன்றைக் குறிப்பேன்.

ஒன்று, இரக்கத்தைத் துணை என்று எண்ணுதல். "பாவம்" என்னும் சொல் நாவில் வரும்போதே நாம் ஒரு படி மேலே ஏறி நிற்கிறோம். உரிமை பறிக்கப்பட்டவருக்கு வேண்டியது இரக்கம் அன்று. பறித்ததைத் திருப்பித் தருதல்.

இரண்டு, தலைமையைக் கைப்பற்றுதல். 1936-இல் இலாகூரில் சாதி ஒழிப்புச் சங்கத்தார் தங்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தனர். அவர் எழுதிய உரையை முன்கூட்டியே படித்தனர், சில பகுதிகள் தங்களுக்குத் தாங்கவில்லை, நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியும் மாற்றேன் என்ற உறுதியோடு அவர் மறுத்தார். மாநாடே கைவிடப்பட்டது. அவர் அவ்வுரையைத் தம் செலவில் அச்சிட்டார். அதுவே 'சாதியை அழித்தொழித்தல்' என்று இன்று உலகம் படிக்கும் நூல். அச்சங்கத்தார் பகைவர் அல்லர், சீர்திருத்தம் விரும்பியவர்கள்தாம். ஆனால் அடிபட்டவன் எவ்வளவு உரக்க அழலாம் என்பதையும் தாங்களே அளந்து தர விரும்பினர். நம் மன்றத்திலும் ஏப்ரல் 14 வந்தால் அம்பேத்கர் படத்துக்கு மாலை இடுகிறோம். பேசுவோர் பட்டியலைத் தயாரிப்பவர் யார்? "கடுமையாகப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முன்னதாகச் சொல்லி அனுப்புபவர் யார்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

மூன்று, எல்லாரும் வரட்டும் என்று காத்திருத்தல். 1927 மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரில் அம்பேத்கர் தலைமையில் பல்லாயிரவர் சென்று சவுதார்க் குளத்து நீரைப் பருகினர். அக்குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி 1924-லேயே தீர்மானித்திருந்தது. ஆயினும் மூன்றாண்டு ஒருவரும் குளத்தருகே செல்ல இயலவில்லை. அன்று உடன் நின்ற உயர்சாதியினர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். திப்னிஸ், சித்ரே, சகஸ்ரபுத்தே என்று பெயர் சொல்லிவிடலாம். சகஸ்ரபுத்தே பிராமணர். அவ்வாண்டு டிசம்பர் 25-இல் மனுநூலை எரிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை மொழிந்தவரும் அவரே. பிராமணரைச் சேர்க்காவிட்டால் ஆதரிக்கிறோம் என்று பிராமணரல்லாத தலைவர் சிலர் சொன்னபோது அம்பேத்கர் இசையவில்லை. பிறப்பைக் கொண்டு நண்பரைத் தள்ளவும் இல்லை. நண்பரிடம் தலைமையை ஒப்படைக்கவும் இல்லை. அந்தச் சிலர் பெரும்பான்மை சேரட்டும் என்று காத்திருந்தால் குளத்து நீர் யாருக்காகவும் காத்திருக்காது. காத்திருப்பவர் தாகம்தான் வளரும்.

"நான் சாதி பார்ப்பதே இல்லை, எனக்கு ஏன் இந்த உபதேசம்?" என்று கேட்கும் நல்ல உள்ளங்கள் நம்மிடையே உண்டு. சாதியைப் பார்க்காமல் இருக்க முடிவதே ஒரு வசதி என்பதை அவர்கள் எண்ண வேண்டும். செருப்பு அணிந்தவனுக்குத் தரையின் சூடு தெரிவதில்லை. அதனால் தரை குளிர்ந்துவிட்டது என்று ஆகுமா?

"இடஒதுக்கீட்டில் வந்தவர்தாமே" என்று தேர்வு வரிசை எண்ணைக் கேட்டு முகத்தைச் சுளிப்போரும் உண்டு. தமிழ் மாணவன் வாயில் இச்சொல் வரலாமா? 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதன் பயனாக அதே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, 15-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. அக்கிளர்ச்சியின் பயனைப் பிற்படுத்தப்பட்டோராகிய நாம் பலரும் துய்த்துத்தான் இந்த வளாகத்துக்கு வந்திருக்கிறோம். நாம் ஏறிவந்த ஏணியில் இன்னொருவர் ஏறும்போது அதனை ஏளனம் செய்வது நன்றி கொன்ற செயல் அன்றோ?

சரி, இனிச் செய்ய வேண்டியது யாது? பெருந்திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. இம்மன்றம் இவ்வாண்டே செய்யத்தக்க சிலவற்றைச் சொல்வேன்.

முதலாவது, புதிய மாணவரிடம் ஊர்ப் பெயருக்கு மேல் துருவிக் கேட்பதை நிறுத்துவோம். அவராகச் சொன்னால் கேட்போம். ஒருவர் துருவத் தொடங்கினால், அருகில் இருப்பவர் அங்கேயே, "அது எதற்கு?" என்று கேட்க வேண்டும். இரண்டு சொல்தான். அதற்கு வேண்டிய துணிவு பெரிது.

இரண்டாவது, பொங்கல் வைப்போரைக் குடவோலை முறையில் எடுப்போம். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடையில் பெருமை பேசும் நாம், குடத்தில் எல்லார் பெயரையும் இட்டு எடுத்தால் என்ன? அந்தச் சோற்றை உண்ணத் தயங்கும் குடும்பம் வராமல் இருக்கட்டும். அக்குடும்பத்துக்காக நாம் இழந்த தோழரின் எண்ணிக்கை அதனினும் பெரிது.

மூன்றாவது, உடன் போதல். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் விடுதிக் கட்டணம் நிலுவையில் நிற்பதும், வழிகாட்டும் பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசாததும், குறை சொன்னால் படிப்புக்கே கேடு வருமோ என்று அஞ்சுவதும் பலருடைய அன்றாட வாழ்வு. பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதிகள் வகுத்தது. முறையீட்டைக் கேட்க அலுவலர் வேண்டும் என்றது. ஆனால் அந்த அலுவலகத்தின் வாயிலில் தனியே நிற்பது கொடுமை. முறையிடச் செல்லும் மாணவர் விரும்பினால், மன்றத்தின் சார்பில் இருவர் உடன் செல்லட்டும். பேசுவதை அவரே பேசட்டும். நடந்ததைத் தேதியிட்டு எழுதி வைப்பதும், கண்டதைச் சாட்சியாகச் சொல்வதும் உடன் செல்பவர் கடமை. நிலுவைக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கைமாற்றாகத் தர மன்றம் ஒரு சிறு நிதி வைக்கட்டும். விழா மலரின் பளபளப்பு அட்டைக்குச் செலவிடும் தொகையே அதற்குத் தொடக்கமாக அமையும்.

நான்காவது, ஏப்ரல் 14 விழாவை யார் நடத்துவது, யார் பேசுவது என்பதைத் தலித் மாணவரே முடிவு செய்யட்டும். நாற்காலி போடும் பொறுப்பை மற்றவர்கள் ஏற்போம். எனக்கு அதில் ஒரு பழைய கடன் இருக்கிறது.

ஐந்தாவதே கடினமானது. அதற்கு மன்றத் தீர்மானம் உதவாது. விடுமுறைக்கு ஊர் போகிறோம். கொல்லைப்புறத்தில் தனிக் குவளை இன்னும் இருக்கிறதா? வயதில் மூத்த உழவுத் தொழிலாளியை நம் வீட்டுச் சிறுபிள்ளை பெயர் சொல்லி 'வா, போ' என்று அழைக்கிறதா? அண்ணனுக்கோ தங்கைக்கோ பெண்ணும் மாப்பிள்ளையும் பார்க்கையில் முதலில் கேட்கப்படுவது எது? பல்கலைக் கழகத்தில் முழக்கமிடுவது எளிது. அப்பாவின் முன், அத்தையின் முன், சோற்றுத் தட்டுக்கு எதிரே அமர்ந்து, "இது தவறு" என்று மெல்லிய குரலில் சொல்வதுதான் அரிது. அம்மா அழுவார். அப்பா இரண்டு நாள் பேசமாட்டார். பணிக்கர் சிறைக்கே போனார் என்பதை அப்போது நினைவுகூர்வோம்.

இவற்றால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்டால், ஒழியாது. நிலமும் தொழிலும் அதிகாரமும் யாரிடம் இருக்கின்றன என்பதில் அதன் வேர் இருக்கிறது. ஆனால் வேரை வெட்டும் நாள் வரை கிளைக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. வேரை வெட்டும் கோடரி ஏற்கெனவே அடிபட்டோர் கையில் இருக்கிறது. அவர்கள் வெட்டும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே கேள்வி.

என் நண்பரை அண்மையில் கண்டேன். இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறார். பழைய நிகழ்ச்சியை நானே எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு. இப்போது உங்கள் மன்றத்தில் பொங்கல் யார் வைக்கிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தோழர்களே, வரும் தைத் திங்களில் அவருக்கு ஒரு கடிதம் எழுத விரும்புகிறேன். அதில் எழுதத்தக்க விடை ஒன்றை எனக்குத் தாருங்கள். அந்தப் பேச்சு எழும் அறையில் நானும் இருப்பேன். இம்முறை என் கையில் கணக்குத் தாள் இருக்காது.